தம் இல்லாதவள்

எதிரணிக்குள் கபடி பாடிக்கொண்டு போகும்போது பேராச்சிக்கு ஒன்றும் ஆவதில்லை. தொட வேண்டியவளைத் தொட்டுவிட்டு, காலைப் பிடிக்க வருகிறவளை உதறிவிட்டு, நடுக்கோட்டைத் தாண்டித் திரும்பி வந்துவிடுவாள். ஆட்டம் நின்று, மற்ற பெண்கள் தண்ணீர் குடித்துச் சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அவளுக்கு இருமல் ஆரம்பிக்கும். வறட்டு இருமல். நெஞ்சைச் சுற்றி யாரோ துணியால் இறுக்கிக் கட்டுவது போல இருக்கும். மூச்சை வெளியே விட்டால் தொண்டைக்குக் கீழே எங்கோ மெல்லிய விசில் சத்தம் கேட்கும். அரை மணி நேரம் போல அவளைப் படுத்திவிட்டு அதுவாகவே போய்விடும். அதன் பிறகு பார்ப்பவர்களுக்கு அவள் நோயாளியாகவே தெரியமாட்டாள்.

அதுதான் வினையாகப் போயிற்று.

"பாருங்கட்டி, இப்ப நல்லாத்தான இருக்கா?" என்று பிரம்மநாயகம் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார். "ஓடச் சொன்னா இருமல். தண்டால் எடுக்கச் சொன்னா இருமல். வீட்டுக்குப் போற நேரம் வந்தா எல்லாம் சரியாப் போகுது. இது என்ன நாட்டக், நடிப்பா?"

பிரம்மநாயகம் ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர். கபடியை வைத்தே ரயில்வேயில் வேலை வாங்கியவர். தாராவித் தமிழ்ப் பெண்களைச் சேர்த்து ஒரு அணி நடத்திவந்தார். திட்டினால்தான் பெண்கள் ஆடுவார்கள் என்பது அவர் நம்பிக்கை. பேராச்சியிடம் அவர் அதிகம் சொன்ன வார்த்தை "தம்". "உனக்குக் கால் இருக்கு, கை இருக்கு, தம்முதான் இல்ல. தம் இல்லாதவ கபடிக்கு எதுக்கு வந்த? வீட்ல உக்காந்து வெங்காயம் உரி."

அந்த நேரத்தில் பேராச்சிக்குப் பதில் சொல்ல மூச்சு இருக்காது. பகலெல்லாம் ஒரு தையல் பட்டறையில் ஜீன்ஸ் பேன்ட்டுகளுக்குப் பிசிறு வெட்டிவிட்டு, நீலத் தூசி படிந்த மூக்கோடு நேராக மைதானத்துக்கு வருகிறவள் அவள். டிசம்பர் பிறந்ததிலிருந்து மாலை நேரக் காற்றில் குளிரும் புகையும் சேர்ந்திருந்தன. மழைக்காலம் முழுக்க ஒழுங்காக ஆடியவள், இப்போது மைதானத்தை இரண்டு சுற்று சுற்றினாலே ஓரமாகப் போய் முழங்காலில் கையை ஊன்றி நின்றாள். 'எனக்குத்தான் தைரியம் போதவில்லையோ' என்று அவளே தன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தாள். அந்தச் சந்தேகம் வரும்போதெல்லாம் அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை அவள் எதிரே வருகிறவர்கள் மேல் காட்டினாள்.

அப்படி ஒரு நாள் அவள் முழங்கை இடித்து அணியின் கேப்டன் மெஹராஜுக்கு முன்பல் பாதி உடைந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துப் பேராச்சி, "ஆட்டம்னா அடிபடத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து மெஹராஜ் அவளை வெறுத்தாள். ஒளித்து வைத்து வெறுக்கவும் இல்லை. "இவ இருக்கிற வரைக்கும் இது டீம் இல்ல" என்று பேராச்சியின் முகத்துக்கு நேராகவே சொல்வாள். ஆட்டத்துக்குள் மட்டும் இருவரும் தேவைக்கு ஒரு வார்த்தை பேசிக்கொள்வார்கள்.

பேராச்சி நடிக்கிறாள் என்பதில் மெஹராஜுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அதை எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தாள். ஸ்கிப்பிங் கயிற்றில் குதிக்கும் பயிற்சி முடிந்த ஒரு மாலையில், நிறுத்தியிருந்த டெம்போவுக்குப் பின்னால் நின்று, பேராச்சி தனியாக உட்கார்ந்திருப்பதைப் போனில் படம் பிடித்தாள். யாரும் பார்க்காதபோது இருமல் நின்றுவிடும், அதைப் பிடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

வீட்டுக்குப் போய் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். கூட உட்கார்ந்து தங்கை சாதியாவும் பார்த்தாள். சாதியா காலேஜில் படிப்பவள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு ஆஸ்துமா உண்டு. மூச்சு மருந்து பம்ப் எப்போதும் அவள் பையில் இருக்கும்.

"இந்த அக்காவுக்கு வீசிங் இருக்கு ராத்தா" என்றாள் சாதியா.

"நடிக்கா அவ."

"கழுத்தப் பாருங்க. ஒவ்வொரு தடவ மூச்சு இழுக்கும்போதும் தொண்டைக் குழி உள்ள போகுது. தோள் மேல ஏறுது. இத எப்படி நடிக்க முடியும்? இவங்க பக்கத்துல யாருமே இல்லையே, யாருக்காக நடிப்பாங்க?"

மெஹராஜ் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். சாதியாவின் கழுத்தில் எத்தனையோ முறை பார்த்த அதே குழி. பிடிக்காதவளின் பொய்யைப் பிடித்துவிட்டோம் என்று சந்தோஷமாக உட்கார்ந்தவளுக்கு, அது பொய் இல்லை என்றதும் எரிச்சல்தான் வந்தது.

"ஓடுனாத்தான வருது, அது எப்படி ஆஸ்துமா?"

"எனக்கும் பி.டி. பீரியட் முடிஞ்சதுக்கு அப்புறந்தான வரும். குளிர்ல ஓடுனா இன்னும் மோசம். அவங்களப் போய் டாக்டரப் பாக்கச் சொல்லுங்க. தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க ராத்தா."

தனியாகக் கூப்பிட்டு அவளிடம் பேச மெஹராஜுக்கு மனம் வரவில்லை. மறுநாள் மைதானத்தில், எல்லோரும் வட்டமாக நின்றிருந்தபோது சொன்னாள்.

"சார், இவளுக்கு ஆஸ்துமா. இவள வெச்சு மேட்ச் ஆட முடியாது. எடுத்துருங்க."

பேராச்சி வட்டத்தைக் குறுக்கே கடந்து வந்து மெஹராஜின் சட்டையைப் பிடித்தாள். "என்ன சொன்ன? இன்னொருவாட்டி சொல்லுட்டி!"

"ஆஸ்துமான்னு சொன்னேன். வேணும்னா வீடியோ காட்டுதேன்."

"என்னைய வீடியோ எடுத்தியா? பல்லு ஒடஞ்சதுக்கு இப்படிப் பழி வாங்குதியா?"

பெண்கள் இருவரையும் இழுத்துப் பிரித்தார்கள். பிரம்மநாயகம் வீடியோவை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. சிரித்தார். "ஆஸ்துமாவாம் ஆஸ்துமா! தம் இல்லங்கறதுக்கு இங்கிலீஷ்ல பேரு வெச்சாச்சு. சீக்குக்காரிய வெச்சு நான் டீம் நடத்தல. உனக்குச் சீக்கா, இல்ல சோம்பேறித்தனமா, ரெண்டுல ஒண்ணு இப்பமே சொல்லு."

எல்லோரும் பேராச்சியைப் பார்த்தார்கள். சீக்கு என்றால் அணியில் இடம் போய்விடும்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றாள் பேராச்சி. சொல்லி முடித்ததும் இருமல் முட்டியது. வாயை மூடி விழுங்கிக்கொண்டாள்.

ஆஸ்துமா என்ற அந்த ஒரு வார்த்தை மைதானத்தோடு நிற்கவில்லை. இரண்டே நாளில் சந்து சந்தாகப் போய்ப் பேராச்சியின் அம்மா பானுமதியின் காதுக்கு வந்தது. பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்க நின்ற ஒருத்திதான் அவளிடம் கேட்டாள்: "உன் மவளுக்கு எளப்பு நோயாமே பானு? மொதல்லயே சொல்லக் கூடாதா?"

பானுமதி குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். ஆண்டாப் ஹில்லிலிருந்து பேராச்சியைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. பையன் கூரியர் கம்பெனியில் இருந்தான். அவர்களிடமிருந்து அந்த வாரமே போன் வந்தது. இப்போதைக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். காரணம் சொல்லவில்லை.

பானுமதி மெஹராஜின் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போட்டாள். "வயசுக்கு வந்த பிள்ளையப் பத்தி இப்படியா பேசித் திரிவ? உனக்குத் தங்கச்சி இருக்கால்ல? அவளப் பத்தி நான் நாலு எடத்துல சொல்லவா?"

மெஹராஜ் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "என் தங்கச்சிக்கு ஆஸ்துமாதான் ஆன்ட்டி. தாராளமாப் போய்ச் சொல்லுங்க. அவ மருந்து எடுத்துக்கிட்டு நல்லாத்தான் இருக்கா. உங்க மகள டாக்டர்ட்டக் காட்டுங்க. நான் சொன்னது பொய்யின்னா அப்பம் வந்து என்னையச் செருப்பால அடிங்க."

"எந்த டாக்டர்ட்டக் காட்டணும்னு எங்களுக்குத் தெரியும். எம்மவளப் பத்தி நீ பேசாத."

காட்டாமலும் இல்லை. சந்து முனையில் இருந்த டாக்டர் இரண்டு முறை பேராச்சிக்கு இருமல் மருந்து எழுதிக் கொடுத்திருந்தார். ஓடிய பிறகுதான் வருகிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. விடியற்காலையில் மகள் இருமும்போது பானுமதி தலையணையை எடுத்துக் கொடுப்பாள். "இதுல வாய வெச்சு இருமு. பக்கத்து வீட்டுக்குக் கேக்குது" என்பாள்.

வீட்டில் இருவரும் பேசிக்கொள்வதே குறைந்துபோயிற்று. பேசினால் சண்டைதான். "ஆட்டம் வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன். ஆம்பளப் பிள்ள மாரி விழுந்து பொரண்டுதான் இந்த நெஞ்சடைப்பு வந்திருக்கு" என்பாள் பானுமதி. "அப்பம் நெஞ்சடைப்பு இருக்குன்னு ஒத்துக்கிடுதியா?" என்று பேராச்சி திருப்பிக் கேட்பாள். பானுமதி பாத்திரத்தை நங்கென்று வைப்பாள்.

மெஹராஜ் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்று பேராச்சிக்குத் தெரியாமல் இல்லை. ராத்திரி முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தால்தான் மூச்சு சுலபமாக வருகிறது என்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள். ஆனால் அந்த உண்மை மெஹராஜின் வாயிலிருந்து வந்ததுதான் தாங்கமுடியாமல் இருந்தது. டாக்டரிடம் போனால் அவள் ஜெயித்ததாகிவிடும். போகாமல் ஆடிக் காட்டவேண்டும்.

ஜனவரியில் செம்பூரில் நடந்த போட்டியில் அவர்கள் அணி காலிறுதிக்கு வந்தது. மைதானத்தை ஒட்டிய தெருவில் மெட்ரோ வேலைக்காகத் தோண்டியிருந்தார்கள். வெள்ளைத் தூசி காற்றில் ஏறி, ஆடுவதற்கு விரித்திருந்த விரிப்பின் மேல் மாவு போலப் படிந்தது. இரண்டு பேர் துடைப்பத்தால் அதைக் கூட்ட, அது மறுபடி எழும்பிப் படிந்தது.

பேராச்சி அன்று வெறி பிடித்தது போல ஆடினாள். ஒருவர் மாற்றி ஒருவர் பாடிப் போவதுதான் வழக்கம். அவளோ அடுத்தவளின் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டுத் தானே போனாள். முதல் பாதி முடிந்தபோது தாராவி முன்னணியில் இருந்தது. இடைவேளையில் அவள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். துண்டை வாயில் வைத்து இருமினாள். முதுகு குலுங்குவது எல்லோருக்கும் தெரிந்தது.

"போதும், இவள உக்கார வைங்க சார்" என்றாள் மெஹராஜ்.

"அதச் சொல்ல நீ யாரு?" என்று பேராச்சி திரும்பினாள். வார்த்தைக்கு நடுவில் மூச்சு அறுந்து அறுந்து வந்தது.

"கேப்டன் நான்தான்டி."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றார் பிரம்மநாயகம். "ஸ்கோர் ஏறிக்கிட்டு இருக்கு. இவளே போகட்டும். இன்னைக்குத்தான் தம்மக் காட்டுதா."

இரண்டாவது பாதியின் நடுவில் பேராச்சி மறுபடி பாடிக்கொண்டு போனாள். எதிரணியில் மூன்று பேர் மட்டுமே மிச்சம் இருந்தார்கள். இடது மூலையில் நின்றவளை நோக்கி அவள் காலை நீட்டியபோது, 'கபடி கபடி' என்ற சத்தம் தேய்ந்து, ஒரு கீச்சுக் குரலாகி, நின்றுவிட்டது. யாரும் அவளைத் தொடவில்லை. அவளாகவே எதிராளியின் ஆடுகளத்தின் நடுவில் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். பாட்டு விட்டுவிட்டது என்று நடுவர் விசில் ஊதிக் கையை உயர்த்தினார்.

எதிரணிப் பெண்கள் கத்திக் குதித்தார்கள். பேராச்சி மெல்ல நடந்து, அவுட் ஆனவர்கள் உட்காரும் இடத்துக்குப் போய் முழங்காலிட்டு விழுந்தாள்.

பிரம்மநாயகம் பாய்ந்து வந்தார். "மூணு பேரு நிக்காளுவ, பாட்ட விட்டுட்டு வாரியா? எந்திரி! எந்திரிச்சு ஓரமா ஓடு. ஓடுனா நெஞ்சு தொறந்துக்கிடும். சும்மா உக்காந்தா இன்னும் அடைக்கும்." அவள் முகத்தில் பாட்டில் தண்ணீரை வீசினார். அவள் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. யாரோ அவளைப் படுக்க வைக்கப் போனார்கள். அவள் கையைத் தட்டிவிட்டாள். படுத்தால் செத்துவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மெஹராஜ் மூலையில் நின்றபடி ஒரு கண்ணால் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். இருமல் கேட்டது. விசில் சத்தமும் கேட்டது. பிறகு இரண்டும் கேட்கவில்லை.

"பாத்தியா, நின்னு போச்சு. இதான் நாட்டக்குங்கறது" என்று பிரம்மநாயகம் சொன்னது அவள் காதில் விழுந்தது.

அந்த நிசப்தத்தை மெஹராஜ் இதற்கு முன்பும் கேட்டிருந்தாள். ஒருமுறை சாதியாவுக்கும் இப்படித்தான் இழுப்புச் சத்தம் திடீரென்று அடங்கியது. தணிந்துவிட்டது என்று வீட்டில் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். உள்ளே காற்றே போகாததால்தான் சத்தமும் இல்லை என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

எதிரணிக்காரி பாடிக்கொண்டு வந்துகொண்டிருக்கும்போதே மெஹராஜ் மூலையை விட்டு வெளியே ஓடினாள். நடுவர் விசில் ஊதினார். பிரம்மநாயகம், "ஏய்! எங்கட்டி போற? மேட்ச் போகுது!" என்று அலறினார். மெஹராஜ் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "சாதியா! பம்ப எடுத்துட்டு வா! சீக்கிரம்!"

அக்காவின் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த சாதியா, கயிற்றைத் தாண்டி வந்தாள். பேராச்சியின் உதடுகள் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தன. மெஹராஜ் அவளைப் பின்னாலிருந்து தூக்கி, தன் முழங்காலில் சாய்த்து நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

"பேரு சொல்லு. உன் பேரு என்ன?"

பேராச்சி வாயைத் திறந்தாள். "பே" என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

"மூச்ச முழுசா வெளிய விடுங்கக்கா" என்றாள் சாதியா. நீல பம்ப்பைக் குலுக்கிப் பேராச்சியின் பல்லுக்கு இடையில் வைத்தாள். "நான் அமுக்கும்போது மெதுவா உள்ள இழுங்க. இழுத்துப் பிடிச்சு வெச்சிருங்க."

முதல் முறை மருந்து வாயிலிருந்து புகையாக வெளியே வந்துவிட்டது. பேராச்சி பயந்து பம்ப்பைத் தள்ளினாள். மெஹராஜ் அவள் இரண்டு கைகளையும் ஒரே கையால் இறுக்கிப் பிடித்தாள்.

"இழுட்டி! உன் மேல உள்ள பாசத்துல வரல. நீ செத்துத் தொலஞ்சா எல்லாவளும் என்னையத்தான் சொல்லுவா. என் நாக்குதான் உன்னையக் கொன்னுச்சும்பா. இழு!"

பேராச்சி அவளை முறைத்தபடியே இழுத்தாள். சற்று விட்டு மறுபடி. மறுபடி. கொஞ்ச நேரத்தில் உள்ளே எங்கோ ஒரு விசில் சத்தம் திரும்பக் கேட்டது. "சத்தம் வருது, சத்தம் வருது" என்று சாதியா அழுதாள். மெஹராஜ் பேராச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடி, வந்த ஆட்டோவை மறித்தாள். பின்னால் நடுவரின் நீண்ட விசில் கேட்டது. யாருக்கு எத்தனை புள்ளி என்று திரும்பிப் பார்க்க நேரமில்லை.

முனிசிபல் ஆஸ்பத்திரியில் பேராச்சியின் முகத்தில் முகமூடி மாட்டி, மருந்தை ஆவியாக ஏற்றினார்கள். டியூட்டியில் இருந்த பெண் டாக்டர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுகிறவளாக இல்லை. பானுமதி தலைவிரி கோலமாக ஓடி வந்தபோது, "எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது?" என்று இந்தியில் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மேடம், வெயில்ல ஆடிட்டா, அதான் மயக்கம்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உங்கள் மகளைத் திரும்பக் கொடுத்திருக்கமாட்டேன். மயக்கம் என்று இன்னொரு முறை என்னிடம் சொல்லாதீர்கள்."

பானுமதி தன் கோபத்தையெல்லாம் சுவரோரம் நின்ற மெஹராஜிடம் கொட்டினாள். "உன் நாக்கு பலிச்சிருச்சுல்ல? இப்பம் சந்தோசமா?"

"பலிச்சிருந்தா இவ இங்க உக்காந்திருக்க மாட்டா" என்றாள் மெஹராஜ். சாதியாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். பேராச்சி முகமூடிக்குள்ளிருந்து அவளைப் பார்த்தாள். நன்றி சொல்லவேண்டும் என்று தெரிந்தது. முகமூடி இருந்தது நல்லதாகப் போயிற்று.

உடம்பு தேறிய பிறகு அவளை ஒரு குழாயில் முழு மூச்சோடு ஊதச் சொன்னார்கள். ட்ரெட்மில்லில் ஓடவைத்து, நிறுத்தி, விட்டு விட்டு ஊதச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் ஊதல் குறைந்துகொண்டே வந்ததை டாக்டர் திரையில் காட்டினாள். மருந்து இழுத்த பிறகு அது ஏறியதையும் காட்டினாள். ஆஸ்துமாதான். ஓடும்போது வேகமாக வாயால் உள்ளே போகிற வறண்ட குளிர்காற்று மூச்சுக்குழாய்களைச் சுருக்குகிறது. பட்டறைத் தூசியும் புகையும் அதைக் கிளறிவிடுகின்றன. தினமும் இரண்டு வேளை ஒரு பம்ப், ஆட்டத்துக்கு முன்னால் நீல பம்ப், மெதுவாக ஆரம்பித்து உடம்பைச் சூடாக்குவது, பட்டறையில் மாஸ்க். "விடியற்காலையில் இருமல் வருமா?" என்று கேட்டாள். பேராச்சி தலையாட்டினாள். "அப்போதே வந்திருக்க வேண்டும்."

"ஆட முடியுமா?" என்று பேராச்சி கேட்டாள்.

"மருந்தை ஒழுங்காக எடுத்தால் ஆடலாம். எடுக்காவிட்டால் மறுபடி என்னிடம்தான் வருவாய். நான் இவ்வளவு பொறுமையாக இருக்கமாட்டேன்."

செம்பூர் ஆட்டத்தில் தாராவி தோற்றிருந்தது. கேப்டனே பாதியில் ஓடிப்போன பிறகு பெண்களுக்கு ஆட்டம் ஓடவில்லை. பிரம்மநாயகம் இருவரையும் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் நிறுத்தினார். "ஒருத்தி சீக்கு. இன்னொருத்தி களத்த விட்டு ஓடுனவ. ரெண்டு பேரும் நாளையிலருந்து வராதீங்க."

"அவ செத்திருப்பா சார்" என்றாள் மெஹராஜ்.

"டாக்டரு, ஆம்புலன்சு எல்லாம் கமிட்டிக்காரன் பாத்துக்கிடுவான். உன் வேல மூலையில நிக்கது."

"நீங்க ஓடச் சொன்னீங்க" என்றாள் பேராச்சி. "எந்திரிக்க முடியாம கெடந்தவள ஓடச் சொன்னீங்க. தண்ணியத் தூக்கி மூஞ்சில அடிச்சீங்க. எனக்குத் தம் இல்லன்னு சொன்னீங்கல்ல? உங்களுக்குக் கண்ணு இல்ல."

பிரம்மநாயகம் கையை ஓங்கினார். அடிக்கவில்லை. பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் மெஹராஜ் பேராச்சியின் வழியை மறித்தாள். "எத்தன வருசமா நான் இந்த டீம்ல ஆடுதேன் தெரியுமா? உன்னால போச்சு."

"நானா உன்னைய வரச் சொன்னேன்?"

"வரலன்னா இப்பம் பேச உனக்கு வாய் இருக்காது."

"எல்லாவளும் நிக்கைல எதுக்குட்டி அப்படிச் சொன்ன? தனியாச் சொல்லிருந்தா நான் கேட்டிருப்பேன்."

"கேட்டிருக்க மாட்ட."

பேராச்சி யோசித்துப் பார்த்தாள். கேட்டிருக்கமாட்டாள்தான். அதை ஒப்புக்கொள்ளாமல் தோளால் இடித்துக்கொண்டு போனாள்.

பானுமதி பம்ப்புகளை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். பேராச்சி அவற்றை எடுத்துச் சீப்புக்கும் பவுடருக்கும் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் அவை மறுபடி டின்னுக்குப் பின்னால் போயின. இப்படி ஒரு வாரம் நடந்தது. கடைசியில் பேராச்சி, "இன்னொருவாட்டி ஒளிச்சு வெச்சா வாசல்ல நின்னு இழுப்பேன், தெருவே பாக்கட்டும்" என்றாள். அதன் பிறகு பானுமதி அவற்றைத் தொடவில்லை. தலையணையும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய அவசியமும் குறைந்திருந்தது. ஆனால் மகளோடு பழையபடி பேசவும் இல்லை.

சீத்தா கேம்ப்பில் ஒரு பெண்கள் அணிக்கு ஆள் தேவைப்பட்டது. பேராச்சி போனாள். முதல் நாளே பம்ப்பை எடுத்துக் காட்டி, "எனக்கு ஆஸ்துமா. இத இழுத்துட்டுத்தான் ஆடுவேன். நெஞ்சடைச்சா நானே உக்காந்துருவேன். எவளாவது நாட்டக்குன்னு சொன்னா இப்பமே போயிருதேன்" என்றாள். அங்கிருந்த பெண்களுக்கு அவள் பேச்சு பிடிக்கவில்லை. ஆட்டம் பிடித்திருந்ததால் வைத்துக்கொண்டார்கள்.

மெஹராஜ் இல்லாமல் தாராவி அணி அடுத்தடுத்துத் தோற்றது. மழைக்காலத்துக்குள் பிரம்மநாயகமே ஆள் அனுப்பி அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டார். அழைத்தது தன் தேவைக்கு என்பதால் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் நன்றி சொல்லவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் இரண்டு அணிகளும் மோதின. ஆட்டத்துக்கு முன்னால் பேராச்சி கோட்டுக்கு அருகில், எல்லோருக்கும் தெரியும்படி நின்று நீல பம்ப்பை இழுத்தாள். பிறகு அவசரப்படாமல் நடந்தாள், மெல்ல ஓடினாள். தாராவிப் பக்கமிருந்து பிரம்மநாயகம் நடுவரிடம் போனார். "சார், அவ என்னமோ மருந்து அடிக்கா. இதெல்லாம் டோப்பிங். ஆட விடக்கூடாது."

நடுவர் பேராச்சியைக் கூப்பிட்டார். அவள் வாயைத் திறக்கும் முன் மெஹராஜ் நடுவில் வந்தாள். "அது மூச்சு மருந்து சார். என் தங்கச்சியும் இழுக்கா. ஆட்டத்த ஆரம்பிங்க." பிறகு பேராச்சியின் பக்கம் திரும்பினாள். "ஆடித் தோத்துட்டுப் போ. வெளிய உக்காந்து தப்பிச்சிறலாம்னு பாக்காத."

"வாயால ஆடாத" என்றாள் பேராச்சி.

அன்று அவள் தன் முறை வந்தபோது மட்டும் போனாள். பாட்டு ஒருமுறையும் விடவில்லை. கடைசி நேரத்தில் மெஹராஜின் மூலைக்குள் காலை நீட்டியபோது, மெஹராஜ் கணுக்காலைப் பிடித்துவிட்டாள். இரும்புப் பிடி. பேராச்சி அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, 'கபடி கபடி' என்று அடிவயிற்றிலிருந்து பாடியபடி கோட்டை நோக்கி ஊர்ந்தாள். மேலே இன்னும் இருவர் விழுந்தார்கள். விரல் நுனிக்கும் கோட்டுக்கும் இடையே ஒரு சாண் இருக்கும்போது நடுவர் விசில் ஊதினார். அவுட். சீத்தா கேம்ப் சொற்ப வித்தியாசத்தில் தோற்றது.

மெஹராஜ் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "எப்பவும் ஒரே கால நீட்டுத. எவளும் பிடிப்பா."

"உன்ட்டக் கேட்டனா?"

மெஹராஜ் துப்பிவிட்டுத் தன் ஆட்களிடம் போனாள்.

பேராச்சி விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, நெஞ்சு இறுகுகிறதா என்று காத்திருந்தாள். மூச்சு வாங்கியது, ஓடிய எவளுக்கும் வாங்குவது போல வாங்கி, மெல்ல அடங்கியது. இருமல் வரவில்லை. தோற்ற ஆத்திரம் மட்டும் அப்படியே இருந்தது. அணிப் பெண்கள் சற்றுத் தள்ளி நின்று அவளையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னட்டி பாக்கீங்க? நல்லாத்தான் இருக்கேன்" என்று சீறினாள். எழுந்து, தாராவிப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.